ஜவ்வு

ரொம்ப நாளாச்சுங்க இந்தப் பக்கம் வந்து. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு வழக்கம்போல ஒரு வரி எழுதித் தப்பிச்சுக்கலாம். ஆனா உண்மையான காரணம் அது இல்ல. எங்கப்பாவோட வலது கால். அதைப் பத்தி எழுதலாம்னு திறக்கறதும், நாலு வரியில மூடி வெக்கறதுமா எட்டு மாசம் ஓடிப் போச்சு.

போன ஞாயித்துக்கிழமை ஊர்ல கறிக்கடையில நின்னுட்டிருந்தேன். பாய் ஒரு தொடைக்கறியைத் தூக்கிக் கட்டை மேல வெச்சு, மேல வெள்ளையா பளபளன்னு ஒட்டிட்டிருந்த ஜவ்வுல கத்தி நுனியால ஒரு கீறல் போட்டு, விரலை உள்ள விட்டு சர்ருன்னு உரிச்சார். உரிச்ச இடத்துல கறி கட்டுக் கட்டா பிரிஞ்சு தெரிஞ்சுது. எனக்குக் கண்ணு கட்டற மாதிரி ஆயிருச்சு. "என்ன தம்பி, பெங்களூர் போனதும் ரத்தத்தைப் பாத்தா பயமாயிருச்சா?"ன்னு பாய் சிரிச்சார். நானும் ஹி ஹின்னு அசடு வழிஞ்சுட்டு ஒரு கிலோ வாங்கிட்டு வந்துட்டேன். அன்னிக்கே எழுதி முடிச்சுடணும்னு உக்காந்ததுதான் இந்தப் பதிவு.

சரி, கொசுவர்த்தி சுத்திக்கங்க.

எங்க பக்கத்துல ஒவ்வொரு ஊருக்கும் ஒரு அடையாளம் இருக்கு. திருச்செங்கோடுன்னா போர்வெல் ரிக் வண்டி. நாமக்கல்லுன்னா முட்டையும், லாரிக்கு பாடி கட்டறதும். சங்ககிரின்னா லாரி. பாடப் புத்தகத்துல 1805-ல தீரன் சின்னமலையைத் தூக்குல போட்ட மலைக்கோட்டைன்னு படிச்சிருப்பீங்க. எங்களுக்கு அந்த மலை, நைட்டு லோடோட திரும்பி வர்றப்ப "ஊடு வந்துருச்சு"ன்னு சொல்ற அடையாளம். எங்கப்பா ஒத்தை வண்டி ஓனர். அவரே ஓனர், அவரே டிரைவர், ஆள் கிடைக்காத நாள்ல அவரே கிளீனர். அந்த லாரிதான் என்னை இன்ஜினியரிங் படிக்க வெச்சுது.

அவரைப் பத்தி ஒண்ணு மட்டும் சொல்லணும். வலிக்குதுன்னு சொல்லவே மாட்டார். ஒருதடவை கதவு இடுக்குல விரல் நசுங்கி நகம் கழண்டு வந்தப்ப, துணியைச் சுத்திக்கிட்டு "லோடு இறக்கிட்டு வந்தர்றேன்"னு போன ஆளு.

அன்னிக்கு சாயங்காலம் ஏழு மணி வாக்குல ஸ்டெப்னி இறக்கிட்டு இருந்திருக்கார். லாரி டயர், டிஸ்க்கோட சேத்து நூறு கிலோ பக்கம் வரும். செயின் நழுவி, டயர் நேரா முழங்காலுக்குக் கீழ விழுந்துருச்சு. பக்கத்துல இருந்தவங்க தூக்கிட்டு, தெரிஞ்ச ஒரு கட்டு வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவர் எலும்பை இழுத்து நேராக்கி, மூங்கில் சிம்பு வெச்சு, துணியை நல்லா இறுக்கிக் கட்டி அனுப்பிட்டார். எட்டு, எட்டரைக்கு வீட்டுக்கு வந்தாச்சு.

பத்து மணிக்கு அம்மா எனக்கு போன் பண்ணுனாங்க. "உங்கப்பனுக்கு வலி தாங்க முடியலயாம் கண்ணு. கட்டை அவுக்கச் சொல்றாரு."

நான் அப்ப பெங்களூர்ல ஒரு ரிலீஸ் வேலையில இருந்தேன். ஒரு கண்ணு லேப்டாப்புல. என்ன சொன்னேன் தெரியுங்களா? "எலும்பு உடைஞ்சா வலிக்கத்தான் செய்யும்மா. கட்டை அவுத்துட்டா எலும்பு கோணிக்கும். ஒரு வலி மாத்திரை குடுத்துத் தூங்க வெய்ங்க. காலையில பாத்துக்கலாம்."

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன் குடுத்த மருத்துவ ஆலோசனை. இத்தனை நாளா என்னால எழுத முடியாம இருந்தது இந்த ஒரு பத்திதாங்க.

பத்தே முக்காலுக்கு மறுபடியும் போன். "உங்கப்பன் அழுவறாரு கண்ணு." அவ்வளவுதான் சொன்னாங்க. அதுக்கு மேல அம்மாவுக்குப் பேச்சு வரல. எனக்கும் வரல. எங்கப்பா அழுது நான் பாத்ததே இல்ல. எங்க தாத்தா செத்தப்பக்கூட பந்தலுக்குக் கட்டை தூக்கிட்டு இருந்தார்.

அந்த நேரத்துல கடவுளாப் பாத்து அனுப்புன மாதிரி பக்கத்து வீட்டுப் பொண்ணு டூட்டி முடிஞ்சு வந்திருக்கு. நர்ஸ். சத்தம் கேட்டு உள்ள வந்து, யாரையும் கேக்காம கத்திரிக்கோலை எடுத்துக் கட்டை மேலிருந்து கீழ வரைக்கும் வெட்டி விட்டிருக்கு. ஆடுசதை கல்லு மாதிரி இறுகி, தோல் மினுமினுன்னு இருந்துச்சாம். "மாமா, கொஞ்சம் பொறுத்துக்கங்க"ன்னு சொல்லிட்டு, கால் பெருவிரலைப் பிடிச்சு லேசா மடக்கி நீட்டிப் பாத்திருக்கு. எங்கப்பா போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சாம். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல தொட்டா உணர்ச்சி கம்மியா இருக்குன்னு சொல்லியிருக்கார். அந்தப் பொண்ணு எனக்கு போன் பண்ணி, "அண்ணா, காலையில எல்லாம் ஆகாது. இப்பவே சேலம் கூட்டிட்டுப் போறோம்"னு சொல்லிட்டு வெச்சுருச்சு. அனுமதி கேக்கல, தகவல் சொல்லுச்சு.

முக்கால் மணி நேரத்துல சேலம். பன்னிரண்டே முக்காலுக்கெல்லாம் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள. நான் கிடைச்ச பஸ்ஸைப் பிடிச்சு விடியறப்ப போய்ச் சேந்தேன். டாக்டர் வெளிய வந்து சொன்ன முதல் வார்த்தை: "எலும்பு பெரிய விஷயம் இல்ல தம்பி. ஜவ்வுதான் பிரச்சினை."

ஜவ்வா? ஜவ்வு மிட்டாய் தெரியும். ஜவ்வு மாதிரி இழுக்கற மீட்டிங் தெரியும். கால்ல ஜவ்வு என்ன பண்ணும்?

அவர் ஒரு பேப்பர்ல வட்டம் வட்டமா போட்டுக் காமிச்சார். எனக்குப் புரியற மாதிரி நான் அதை லாரி வயரிங்கா மாத்திக்கிட்டேன். வண்டியில ஹெட்லைட்டுக்கு ஒரு வயர், ஹாரனுக்கு ஒரு வயர்னு ஒவ்வொண்ணுக்கும் மேல ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். நாலஞ்சு வயரை ஒண்ணாச் சேத்து டேப் சுத்துவாங்க. அப்படி டேப் சுத்துன கட்டுகளை எல்லாம் சேத்து ஒரு பெரிய ஸ்லீவுக்குள்ள விடுவாங்க. தசையும் அப்படித்தான். தலைமுடி மாதிரி மெல்லிசான தசை நார் ஒவ்வொண்ணையும் சுத்தி ஒரு மெல்லிய உறை. அதுக்குப் பேரு எண்டோமைசியம். நார்கள் பல சேந்தது ஒரு கற்றை, அதைச் சுத்தி பெரிமைசியம். கற்றைகள் எல்லாம் சேந்தது முழுத் தசை, அதைச் சுத்தி எபிமைசியம். பாய் உரிக்கிறப்ப பாத்தேன்னு சொன்னேனே, அந்தக் கட்டுக் கட்டான பிரிவு பெரிமைசியம் பண்ணுன வேலை.

ஆனா வயரிங் உதாரணம் ஒரு இடத்துல உதவாது. வயர் மேல இருக்கற உறை சும்மா மூடி. கரண்ட் போறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. தசையில அப்படி இல்ல. இந்த மூணு உறையும் தசையோட முனையில ஒண்ணா முறுக்கிச் சேந்து தசைநாணா மாறி எலும்புல போய்ப் பிடிக்குது. நார் சுருங்கறப்ப அந்த இழுவையை எலும்புக்குக் கொண்டு போறது இந்த ஜவ்வுதான். சில தசைகள்ல நிறைய நார்கள் இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் போறதே இல்லீங்க, நடுவழியிலயே முடிஞ்சுரும். அதோட பலத்தைப் பக்கத்து நாருக்குக் கை மாத்தி விடறது எண்டோமைசியம். ஜவ்வு இல்லாட்டி எங்கப்பா மூட்டை தூக்கியிருக்க முடியாது. இருக்கற கறியெல்லாம் தனித்தனியா நெளிஞ்சுட்டு இருக்கும், அவ்வளவுதான்.

இதுக்கெல்லாம் வெளிய இன்னொரு ஆள் இருக்கார். பேஷியா. இதை தார்ப்பாய்னு வெச்சுக்கலாம். முழங்காலுக்குக் கீழ இருக்கற தசைகளை இந்த தார்ப்பாய் நாலு அறையாப் பிரிச்சு வெச்சிருக்கு. முன்னாடி ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு, பின்னாடி மேலாப்ல ஒண்ணு, ஆழத்துல ஒண்ணு. கெட்டியான தார்ப்பாய். இழுத்தாலும் விரியாது. லோடு ஆடாம இருக்க அது வேணும்.

இப்ப எலும்பு உடையுது. உள்ள ரத்தம் கசியுது, அடிபட்ட தசை வீங்குது. வெளிய போக இடம் இல்ல. போதாததுக்கு மேல இறுக்கமா ஒரு கட்டு. அறைக்குள்ள அழுத்தம் ஏறுது. சாதாரணமா அந்த அழுத்தம் பாதரச அளவுல 10 மில்லிமீட்டருக்குள்ள இருக்கும். அது ஏறி ஏறி, நம்ம ரத்த அழுத்தத்துல கீழ் அளவு சொல்றாங்களே, 120/80-ல அந்த 80, அதுக்கும் இதுக்கும் நடுவுல 30 கூட இடைவெளி இல்லைன்னு ஆச்சுன்னா டாக்டருங்க கத்தியை எடுத்துருவாங்க. ஏன்னா அந்த அழுத்தத்துல சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் நசுங்கிப் போகும். தசைக்கு ரத்தம் போகாது. இதுல ஏமாத்தற விஷயம் என்னன்னா, பெரிய குழாய் நசுங்காது. பாதத்துல நாடி பாத்தா துடிச்சுட்டே இருக்கும். நாடிதான் இருக்கேன்னு நம்பி உக்காந்திருந்தா, சுமார் ஆறு மணி நேரத்துக்கு மேல போறப்ப தசை செத்துப் போக ஆரம்பிக்கும். செத்த தசை திரும்பி வராது. அதுல இருந்து கசியறது கிட்னி வரைக்கும் போய் அடிக்கும். 1881-லயே ஃபோக்மான்னு ஒரு ஜெர்மன் டாக்டர், இறுக்கக் கட்டுன கட்டால கை மடங்கிப் போறதைப் பத்தி எழுதி வெச்சிருக்கார். நூத்தி நாப்பது வருஷம் தாண்டியாச்சு. எங்கூர்ல இன்னமும் கட்டை இறுக்கிட்டுத்தான் இருக்கோம்.

வைத்தியம் என்னன்னா, கேக்க ரொம்ப சிம்பிள். தார்ப்பாயை வெட்டி விடணும். காலுக்கு ரெண்டு பக்கமும் நீளமாக் கீறி நாலு அறையையும் திறந்து விட்டுட்டார். தைக்கல. தைச்சா மறுபடியும் அழுத்தம் ஏறும். எலும்புக்கு வெளியில இருந்து கம்பி மாட்டி நிறுத்திட்டு, ரெண்டு காயத்தையும் திறந்தபடியே கட்டுப் போட்டு அனுப்பிட்டார்.

ரெண்டாம் நாள் கட்டு மாத்தறப்ப நான் உள்ள நின்னேன். டாக்டர் "வெளிய இருங்க"ன்னார். நான்தான் இருக்கேன்னு சொன்னேன். இருந்திருக்கக் கூடாது. வெள்ளை ஜவ்வு ரெண்டு பக்கமும் விலகிக் கிடக்க, நடுவுல செவப்பா கறி. வேற வார்த்தை தெரியலீங்க, கறிதான். டாக்டர் ஒரு இடுக்கியால தொட்டார். தசை சின்னதா துடிச்சுது. "பாத்தீங்களா, சுருங்குது. உயிரோட இருக்கு. இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் லேட்டா வந்திருந்தா இது சாம்பக் கலர்ல இருந்திருக்கும்"னார். ரெண்டு மூணு மணி நேரம். நான் சொன்னது "காலையில பாத்துக்கலாம்".

எங்கப்பா என் மூஞ்சியைப் பாத்துட்டு, "ஏண்டா, வலி எனக்கா உனக்கா?"ன்னு கேட்டார் :-)

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க சூப்பு. சொந்தக்காரங்க யாரு பாக்க வந்தாலும் கையில ஒரு தூக்குப்போசி. ஆட்டுக்கால் சூப்பு. எலும்பு சேருமாம். ஒருநாள் மீந்ததை பிரிட்ஜுல வெச்சுட்டுக் காலையில எடுத்தா தகடு மாதிரி உறைஞ்சு ஜெல்லியா நிக்குது. அது என்னன்னு ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து மொபைல்ல தேடிப் படிச்சேன். அதுவும் ஜவ்வுதாங்க. ஜவ்வு, தசைநாண், தோல் எல்லாத்துலயும் முக்கியமா இருக்கறது கொலாஜன்னு ஒரு புரதம். தண்ணியில போட்டு ரொம்ப நேரம் வேகவெச்சா அது பிரிஞ்சு ஜெலட்டினா கரையும். அதனாலதான் தொடைக்கறி முதல்ல ரப்பர் மாதிரி இருந்துட்டு, பொறுமையா வேகவெச்சா பஞ்சாகுது. முத்தல் ஆட்டுல கொலாஜன் இழைகளுக்கு நடுவுல பிணைப்பு கூடிப் போயிருக்கும், சீக்கிரம் கரையாது. குக்கர் எத்தனை விசில் விட்டாலும் ஜவ்வு ஜவ்வுதான். (சூப்புக் குடிச்சா அந்தக் கொலாஜன் நேரா எலும்புக்குப் போய் ஒட்டிக்காது. மத்த புரதம் மாதிரி அதுவும் வயித்துல செரிச்சுத்தான் போகும். இதை எங்க பெரியம்மாகிட்ட சொல்ற தைரியம் எனக்கு இல்ல.)

தேடிட்டே போனப்ப கிடைச்ச விஷயம்தான் என்னை நிமிந்து உக்கார வெச்சுது. இந்தக் கொலாஜன் மூலக்கூறு எப்படி இருக்கும்னு உலகம் தலையைப் பிச்சுக்கிட்டு இருந்தப்ப, விடையைக் கண்டுபிடிச்சது நம்ம சென்னையில. ஜி.என்.ராமச்சந்திரன். 1922-ல எர்ணாகுளத்துல பொறந்தவர், பெங்களூர்ல சி.வி.ராமன்கிட்ட படிச்சவர். 1952-ல சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியரா வர்றார். அப்ப வயசு முப்பது. அங்க வந்திருந்த பெர்னால்ங்கற இங்கிலாந்து விஞ்ஞானி, கொலாஜன் அமைப்பு இன்னும் பிடிபடலைன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டுப் போக, இவர் பிடிச்சுக்கிட்டார். கிண்டி வளாகத்துக்குப் பக்கத்துலயே அடையாறுல மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். தோல் பதனிடறதுன்னாலே கொலாஜனைப் பதனிடறதுதானே. ஈரோட்லயும் வாணியம்பாடியிலயும் தோல் ஊறப் போடறவங்களுக்கு அது கைப்பழக்கம். கங்காரு வாலோட தசைநாணை எக்ஸ்ரே கதிர்ல வெச்சுப் பாத்து, கோபிநாத் கர்த்தாவோட சேந்து 1954-ல நேச்சர் இதழ்ல எழுதினார். மூணு இழை. 1955-ல அதைத் திருத்தி, ஒவ்வொரு இழையும் தானே முறுக்கிக்கிட்டு, மூணும் ஒண்ணா இன்னொரு முறுக்கு முறுக்கிக்குதுன்னு சொன்னார். கயிறு திரிக்கறது கணக்கா. தார்ப்பாயை இழுத்துக் கட்டற கயிறைப் பாத்து வளந்தவனுக்கு இதைப் புரிஞ்சுக்க பெரிய படிப்பு வேண்டியதில்ல. விரியாம தாங்குதுன்னா அந்த முறுக்குதான் காரணம்.

அன்னிக்கு ராத்திரி வராண்டாவுல ஒண்ணு புரிஞ்சுது. ஜவ்வு எந்தக் குணத்தால நம்மளத் தாங்குதோ, அதே குணத்தாலதான் அன்னிக்கு எங்கப்பா காலை நெரிச்சுது. விரிஞ்சு குடுக்காத குணம். அதைக் குத்தம் சொல்ல முடியாது, அதோட வேலையே அதான். உள்ள அழுத்தம் ஏறுதுன்னு வெளிய இருக்கறவங்களுக்குச் சொல்ல ஒரே ஒரு வழிதான் இருக்கு. வலி. அதைக் கேக்கறவன் கேக்கணும்.

எங்கப்பா விஷயத்துல அதுதான் உறுத்துது. முப்பது வருஷமா வலிக்குதுன்னு சொல்லாத மனுஷன், ஒருதடவை சொன்னார். கட்டை அவுக்கச் சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. நாங்க அத்தனை பேரும், படிச்ச நான் உட்பட, "பொறுத்துக்கங்க"ன்னு சொன்னோம். எப்பவும் பொறுத்துக்கிட்டவர்தானே, இதையும் பொறுத்துக்குவார்னு ஒரு நெனைப்பு.

ஒரு பக்கக் காயத்தை அஞ்சாம் நாள் தைச்சாங்க. இன்னொரு பக்கம் மூடல, தொடையில இருந்து தோல் எடுத்து வெச்சாங்க. அப்புறம் மாசக்கணக்குல பிசியோதெரபி. அசையாம கிடந்தா தசை இளைக்கும், ஆனா உள்ள இருக்கற ஜவ்வு தடிச்சு விறைச்சுப் போகுமாம். அதனால தினமும் நீட்டி மடக்கி இழுத்து விடணும். அந்த வலியையும் பொறுத்துக்கிட்டார். ஆனா ஒரு மாத்தம். இப்பெல்லாம் வலிச்சா வலிக்குதுன்னு சொல்றார். பிசியோ தம்பியைக் கெட்ட வார்த்தையில திட்டிட்டுச் சொல்றார். அம்மாவுக்கு அதுல ஏக சந்தோஷம்.

படிக்கற நீங்க இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. கை கால்ல அடிபட்டு, அடியோட அளவுக்கு மீறி வலி ஏறிக்கிட்டே போனா, மாத்திரைக்கு அடங்காட்டி, விரலை நீட்டுனா உயிர் போற மாதிரி வலிச்சா, சதை கல்லு மாதிரி இறுகியிருந்தா, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. இறுக்கமான கட்டு எதுவா இருந்தாலும் அவுத்து விடுங்க. தேய்க்காதீங்க, எண்ணெய் போட்டு உருவாதீங்க. காலை ரொம்ப உசத்தி வெக்காதீங்க, நெஞ்சு மட்டத்துல இருக்கட்டும். நாடி துடிக்குதுன்னு ஏமாறாதீங்க. ஆபரேஷன் பண்ற வசதி இருக்கற ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்க.

போன ஞாயித்துக்கிழமை வாங்கிட்டு வந்த கறியை அம்மா குழம்பு வெச்சாங்க. எங்கப்பா வாசல்ல சேர் போட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேல மடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். ரெண்டு பக்கமும் நீளமாத் தழும்பு. வண்டியை இன்னும் எடுக்கல, ஆள் வெச்சு ஓட்டறார். நான் பெங்களூர் கிளம்பறப்ப வழக்கம்போல "பாத்து போ"ன்னார். நான், "காலு வலிக்குதுங்களாப்பா?"ன்னு கேட்டேன்.

"கொஞ்சம்"னார்.

நான் பையைக் கீழ வெச்சுட்டு உக்காந்துட்டேன். அடுத்த பஸ்ல போயிக்கலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டறவன். டாக்டர் சொன்னதையும் படிச்சதையும்தான் எழுதியிருக்கேன். உங்க ஊர்லயும் கட்டு வைத்தியர் இருப்பார். அவரை நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம். வலிக்குதுன்னு சொல்றவங்களை மட்டும் நம்பிருங்க.